பழைய மரமும் புதிய தேரும்

திரிபுரங்களை எரிப்பதற்காகச் சிவபெருமான் எழுந்தருளிய தேரைப் போல இன்னொரு தேர் எக்காலத்திலும் செய்யப்பட்டதில்லை என்று புராணங்கள் கூறும். பூமி அதன் தட்டாயிற்று. சூரிய சந்திரர் சில்லுகளாயினர். நான்கு வேதங்களும் குதிரைகளாகப் பூட்டப்பட்டன. பிரமதேவர் சாரதியாக அமர்ந்தார். மேருமலை வில்லாகவும், வாசுகி நாணாகவும், திருமால் அம்பாகவும் அமைந்தனர். இத்தனை சிறப்போடும் புத்தம் புதிதாக நின்ற அந்தத் தேரில் பெருமான் திருவடி வைத்தவுடன் அதன் அச்சு முறிந்தது. தேவர்கள் திகைத்து நின்றனர். புறப்படும் அவசரத்தில் விநாயகப் பெருமானை வழிபட மறந்துவிட்டமையே காரணம் என்பது பின்னர்தான் அவர்களுக்கு விளங்கியது. அச்சு இற்ற இடமே தமிழகத்தில் அச்சிறுபாக்கம் எனப் பெயர் பெற்றது என்பது மரபு.

விநாயகரை மூத்தபிள்ளையார் என்று அழைப்பது சைவ மக்களின் வழக்கம். ஆகவே இக்கதையை இப்படியும் சொல்லலாம்: புதிய தேரைச் செய்தவர்கள் மூத்தவரை மறந்தார்கள், தேர் நகரவில்லை. அந்தத் தேரில் பொருட்குறை எதுவும் இருக்கவில்லை. வேலைக்குறையும் இருக்கவில்லை. முன்னே நின்றவரை நினைக்கும் நினைவு ஒன்றுதான் இல்லாமற் போயிற்று. தேரோட்டம் அழித்தல் தொழிலைக் குறிக்கும் என்றும், எரிந்த முப்புரங்கள் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள் என்றும் பெரியோர் விளக்குவர். அவற்றுள் முதலில் நிற்பது ஆணவம். புதியது செய்யும்போது பழையதை மறக்கச் செய்வதும் அதுவே.

ஓர் ஊரில் புதிய தேர் வெள்ளோட்டம் காண்பது பெரும் பேறு. ஊரவர் உழைப்பும், வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகளின் உதவியும், சிற்பாசாரியாரின் திறமையும் ஒன்றுசேர்ந்தால்தான் அது நிறைவேறும். அந்த மகிழ்ச்சிக்கு நடுவில் ஒரு கேள்வி பலருடைய கண்ணுக்கும் படுவதில்லை. இதுவரை சுவாமியைச் சுமந்து வந்த பழைய தேரின் மரம் என்னவாகிறது? தேர்முட்டியின் பின்புறத்தில் மழையில் நனைந்து கறையான் ஏறுகின்றதா? விறகுக்காரனுக்கு நிறுத்து விற்கப்படுகின்றதா? அல்லது தக்க முறையில் ஓர் இடத்தைச் சேர்கின்றதா? நாற்பது ஐம்பது ஆண்டுகள் வீதிவலம் வந்த மரத்துக்குச் செய்ய வேண்டிய கடமை என்ன என்பதை அடியார்கள் ஆறுதலாக இருந்து சிந்திக்க வேண்டும்.

மரம் வெட்டப்பட்டவுடன் இறந்துவிடுவதாக எண்ணுவோர் உண்டு. தச்சுத்தொழில் செய்பவர்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. வெட்டிய மரம் காய்கிறது, சுருங்குகிறது, முறுகுகிறது, மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துச் சற்றுப் பருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த அசைவு குறைகிறது. அதனால்தான் நன்கு பேணப்பட்ட பழைய வீட்டு வளையை அறுத்துச் செய்த பலகை, நேற்று அறுத்த பச்சைப் பலகையைப் போல வளைந்து கொடுப்பதில்லை. வைரம் பாய்ந்த பழைய தேக்கையோ முதிரையையோ கையில் எடுத்த ஆசாரி அதை எளிதில் எறிந்துவிட மனங்கொள்ள மாட்டார். திருகோணமலையின் பெயர் தாங்கிய ஒரு போர்க்கப்பல் மலபார்த் தேக்கினால் பம்பாயில் கட்டப்பட்டு 1817 ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்டது. அது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறைமுகத்தில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. மரத்தின் ஆயுள் மனிதரின் ஆயுளைக் கடந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பழைய மரத்தை மதித்து ஒரு வாகனத்துக்குள் சேர்த்த செய்தி ஒன்று அண்மைக் காலத்தில் உலகறிய நடந்தது. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த ஜிம் பிரெக்லிங்டன் என்பவர் அரச வண்டிகள் செய்வதில் வல்லவர். 1988 இல் அவுஸ்திரேலிய மக்களின் அன்பளிப்பாக எலிசபெத் மகாராணியாருக்கு வழங்கப்பட்ட குதிரை வண்டியைச் செய்தவரும் அவரே. பின்னர் அவர் மகாராணியாரின் எண்பதாவது பிறந்தநாளை எண்ணி இன்னொரு வண்டியைத் தொடங்கினார். வேலை பல ஆண்டுகள் நீண்டது. நினைத்த நாள் கடந்து போயிற்று. ஆயினும் அவர் கைவிடவில்லை. வைரவிழா அரச வண்டி என்னும் பெயருடன் அது 2014 ஆம் ஆண்டு யூன் மாதம் 4 ஆம் திகதி பாராளுமன்றத் திறப்பு விழாவுக்கு மகாராணியாரை ஏற்றிச் சென்றது. 2023 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி, மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் முடிசூடுவதற்குச் சென்றதும் அதே வண்டியில்தான்.

அந்த வண்டியின் சிறப்பு அதன் பொன் வேலைப்பாட்டில் மட்டும் இல்லை. அந்நாட்டு வரலாற்றோடு தொடர்புடைய நூற்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்தும் பொருட்களிலிருந்தும் பெறப்பட்ட மரத்துண்டுகளும் பிறவும் அதனுள்ளே பதிக்கப்பட்டிருக்கின்றன. கன்டபரிப் பேராலயத்தின் மரம் அங்கே இருக்கிறது. பிரதமரின் இல்லமான டவுனிங் வீதி 10 ஆம் இலக்கத்தின் மரம் இருக்கிறது. தென்துருவப் பனியில் ஸ்கொட், ஷாக்கிள்டன் ஆகியோர் தங்கிய கொட்டில்களின் மரம் இருக்கிறது. நியூட்டனின் வீட்டுத் தோட்டத்து அப்பிள் மரத்தின் துண்டும் இருக்கிறது. இருக்கையில் அமர்பவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகள், 1997 இல் ஓய்வுபெற்ற பிரித்தானியா என்னும் அரச கப்பலிலிருந்து வந்தவை. வண்டியின் உச்சியிலுள்ள முடி, விக்டரி என்னும் போர்க்கப்பலின் ஓக் மரத்திற் செதுக்கப்பட்டுப் பொன் பூசப்பட்டது.

விக்டரிக் கப்பல் 1765 இல் நீரில் இறக்கப்பட்டு, 1805 இல் டிரபல்கர் கடற்போரில் நெல்சன் பிரபுவைச் சுமந்து நின்றது. அவர் உயிர் பிரிந்ததும் அதன் தட்டுக்களின் கீழேதான். இன்று அது போட்ஸ்மத் நகரில் கரையேற்றி வைக்கப்பட்டிருக்கிறது. வண்டு துளைத்தும் ஈரம் ஊறியும் பழுதுபட்ட மரங்களைக் கழற்றிப் புதிய மரம் இடும் வேலை அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. இவ்வாறு வண்டிக்குள் இடம்பெற்ற இன்னொரு மரம் மேரி ரோஸ் கப்பலுடையது. 1545 இல் கடலில் மூழ்கிய அக்கப்பல் 437 ஆண்டுகளுக்குப் பின்னர் 1982 இல் வெளியே எடுக்கப்பட்டது. அத்தனை காலம் நீரில் ஊறிய மரத்தைத் திடீரென்று காயவிட்டால் அது வெடித்துச் சிதைந்துவிடும். ஆகையால் முதலில் நீராலும் பின்னர் மெழுகு போன்ற ஒரு கரைசலாலும் 2013 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இடைவிடாது நனைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பழைய மரத்தைக் காப்பாற்றக் காட்டிய பொறுமை இது.

இங்கே அடியார்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்த வண்டியின் உடல் பழைய மரத்தால் ஆனதன்று. அது அலுமினியத்தால் ஆனது. ஆறு குதிரைகள் இழுக்கும், ஏறத்தாழ மூன்று தொன் எடையுள்ள வண்டிக்குத் தேவையான பலத்தைப் புதிய உலோகமே கொடுக்கிறது. வண்டி குலுங்காமல் இருக்க இக்காலப் பொறிமுறைகளும் பொருத்தப்பட்டிருக்கின்றன. நானூறு ஆண்டுக் கப்பல் மரத்தை அச்சாக்கி அதன்மேல் மன்னரை ஏற்றுவதற்கு எந்த அறிவுள்ள தொழிலாளியும் உடன்படமாட்டான். வண்டியைச் செய்தவர் பழைய மரத்தை மெல்லிய துண்டுகளாகச் சீவி, உட்சுவரிலும் உச்சியிலும் கைபடும் இடத்திலும் வைத்தார். பாரத்தைப் புதியதிடம் கொடுத்தார். நினைவைப் பழையதிடம் ஒப்படைத்தார். முதுமை எய்திய ஒன்றை மதிக்கும் முறை இதுவே. அதனால் இயலாத சுமையை அதன் தலையில் ஏற்றுவதும் தவறு. சுமக்க இயலவில்லை என்பதற்காக அதை வீதியில் விடுவதும் தவறு.

இன்னொன்றும் உண்டு. விக்டரிக் கப்பலின் ஓக் மரத்தையும் ஏதோ ஒரு மாட்டுக்கொட்டிலின் ஓக் மரத்தையும் அருகருகே வைத்தால் கண்ணால் வேறுபாடு காண்பது கடினம். இரண்டும் கறுத்த பழைய மரமே. இது இன்ன இடத்திலிருந்து வந்தது என்று அறிந்தவர் இருப்பதாலும், அந்த அறிவு எழுத்தில் இருப்பதாலும்தான் முதலாவது துண்டு போற்றப்படுகிறது. எழுத்து அழிந்தால் அதுவும் விறகுதான். ஆகவே பழைய மரத்தின் பெறுமதி பாதி மரத்திலும் பாதி பதிவேட்டிலும் தங்கியிருக்கிறது.

அரசருக்குச் செய்த வண்டியைப் பற்றி ஆலய மலரிலே எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அரசர் ஒருவர் ஏறும் வண்டிக்கே இவ்வளவு நினைவும் நிதானமும் வேண்டுமாயின், அண்டங்களையெல்லாம் ஆளும் பெருமான் ஏறிய தேரின் மரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதை உணர்த்தவே அச்செய்தி இங்கு கூறப்பட்டது. அந்நாட்டவர் தம் வரலாற்றை நினைவூட்டும் பொருளாக மரத்தைப் பேணினார்கள். இறைபணியில் நின்ற மரத்தை எவ்வாறு போற்றுவது என்பதை அறியப் பாரத தேசத்தின் கீழ்க்கரையில் உள்ள பூரி நகருக்குச் செல்ல வேண்டும்.

பூரி ஜெகந்நாதர் ஆலயத்தில் ஆண்டுதோறும் மூன்று தேர்கள் புதிதாகவே செய்யப்படுகின்றன. ஜெகந்நாதரின் தேர் நந்திகோசம். அதற்குப் பதினாறு சில்லுகள். பலபத்திரரின் தேர் தாலத்துவசம். அதற்குப் பதினான்கு சில்லுகள். சுபத்திரை தேவியின் தேருக்குப் பன்னிரண்டு சில்லுகள். ஆக 42 சில்லுகள். காடுகளிலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட மரக்குற்றிகள் கொண்டுவரப்படுகின்றன. அட்சய திருதியை நாளில் வேலை தொடங்குகிறது. பரம்பரை பரம்பரையாக அத்தொழிலைச் செய்துவரும் தச்சர்கள், தந்தையிடம் மகன் கற்ற அளவுகளைக் கொண்டே இரண்டு மாதத்துக்குள் நாற்பது அடிக்கு மேல் உயர்ந்த தேர்களை எழுப்பிவிடுகிறார்கள். தேர் புறப்படும் முன் பூரி மன்னரே பொற்பிடியிட்ட துடைப்பத்தால் தேர்த்தட்டைக் கூட்டுகிறார். இறைவனின் தேருக்கு முன்னால் மன்னரும் ஒரு கூட்டுபவரே.

விழா முடிந்ததும் அந்தப் பெரிய தேர்கள் கழற்றப்படுகின்றன. சில்லுகளையும் சில உறுப்புக்களையும் அடியார்கள் பெற்றுச் சென்று வீட்டில் வைத்துப் போற்றுகிறார்கள். மிகுதி மரம் எங்கே போகிறது தெரியுமா? ஆலய மடைப்பள்ளிக்குப் போகிறது. சுவாமியைச் சுமந்த அதே மரம், மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைக்கும் அந்த மடைப்பள்ளியின் அடுப்பில் எரிந்து மகாபிரசாதமாகிறது. அதை ஆலயத்தின் ஆனந்த பசாரில் உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்ற பேதமின்றி ஒரே இடத்தில் இருந்து உண்கிறார்கள். அங்கும் மரம் விறகாகத்தான் போயிற்று. ஆனால் யாருக்கு விறகாயிற்று என்பதில்தான் வேறுபாடு. கடைசிச் சாம்பல் வரை அது இறைபணியை விட்டு நீங்கவில்லை.

எல்லாம் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படும் அந்த ஆலயத்திலும் சில பழைய மரங்கள் தொடர்ந்து நிற்கின்றன. தேரிற் பூட்டும் மரக்குதிரைகளும், சாரதியும், பக்கத்துத் தேவதைகளும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செதுக்கப்படுவதில்லை. வர்ணம் புதுப்பிக்கப்பட்டு, புதிய தேரிலே பழைய சாரதி ஏறி அமர்கிறார். ஜெகந்நாதரின் திருமேனியே வேப்பமரத்தால் ஆனது. குறித்த சில ஆண்டு இடைவெளியில் அத்திருமேனி மாற்றப்படும். 1977, 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் அவ்விழா நிகழ்ந்தது. நள்ளிரவில் விளக்குகள் அணைக்கப்பட்டு, கண்ணைக் கட்டிய மூத்த பணியாளர்கள் பழைய திருமேனியின் உள்ளிருக்கும் பிரம்ம பதார்த்தத்தைப் புதிய திருமேனிக்கு மாற்றுகிறார்கள். பின்னர் பழைய திருமேனி ஆலய வளவிலேயே மண்ணில் வைக்கப்படுகிறது. அந்தப் பணியாளர் குடும்பத்தார், தம் வீட்டில் ஒருவர் காலமானால் எப்படியோ அப்படியே துக்கம் காக்கிறார்கள். மரம் என்று அவர்கள் நினைக்கவில்லை. உறவு என்று நினைக்கிறார்கள்.

இது பூரிக்கு மட்டும் உரிய மனப்பான்மை அன்று. பழுதடைந்ததைப் புதுப்பிக்கும் சீர்ணோத்தாரண விதி நூல்களிற் கூறப்பட்டுள்ளது. மரத்தாலான திருமேனி பழுதுற்றால் அதைத் தீயிலும், கல்லாலானதை நீரிலும், உலோகத்தாலோ இரத்தினத்தாலோ ஆனதை ஆழமான நீரிலும் சேர்க்குமாறு அக்கினி புராணம் விதிக்கிறது. புதியதைப் பழையதன் அளவிலேயே, அதே பொருளாலேயே செய்து நிறுவுமாறும் அது கூறுகிறது. புதுப்பிக்கிறவன் தன் பெருமைக்காக அளவைக் கூட்டக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் அடங்கியிருப்பதைக் காணலாம். பழையதைக் கழற்றுவதற்கும் ஒரு கிரியை, அதை முடித்து வைப்பதற்கும் ஒரு கிரியை, புதியதைத் தொடங்குவதற்கும் ஒரு கிரியை என்று முன்னோர் வகுத்தனர். நடுவில் உள்ளதை விட்டுவிட்டு முதலையும் கடைசியையும் மட்டும் செய்வது நிறைவாகாது.

இவற்றையெல்லாம் ஓர் ஊர்க்கோயிலின் நிலைக்குப் பொருத்திப் பார்த்தால் சில ஒழுங்குகள் புலப்படும். முதலாவது, உயிருக்கு ஆபத்தான இடத்தில் பக்தியைக் காட்டக் கூடாது. அச்சு, சில்லு, பாரந்தாங்கும் உத்தரம் ஆகியவை பழுதடைந்தால் அவற்றை மாற்றத்தான் வேண்டும். வடம் பிடிப்பவர்களில் சிறு பிள்ளைகளும் உண்டு. வெளியே வைரமாகத் தெரியும் மரம் உள்ளே உளுத்துப் போயிருக்கலாம். தட்டிப் பார்த்தால் எழும் மந்தமான ஓசையும், கூரிய கம்பியாற் குத்திப் பார்த்தால் எளிதில் இறங்குவதும், அடியில் மாவு போல் உதிர்ந்து கிடப்பதும் அதைக் காட்டிக்கொடுக்கும். கொடியேற்றத்துக்கு முதல் நாள் அவசரமாகப் பார்க்காமல், சில மாதங்களுக்கு முன்னரே தேர்ந்த ஆசாரியாரைக் கொண்டு பார்ப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, கழற்றிய மரத்தைத் தரம் பிரிக்க வேண்டும். பழைய மரத்தில் ஆணியும் கறல் பிடித்த இரும்பும் மறைந்திருக்கும். அவற்றைப் பிடுங்காமல் வாளோ சீவுளியோ வைத்தால் ஆயுதம் கெடும். ஆளுக்கும் காயம் வரும். உளுத்த பகுதியை வெட்டி அகற்றி, பூச்சி இருந்தால் அதற்கு மருந்திட்டு, நிழலில் தரையிற் படாமல் அடுக்கிக் காயவிட வேண்டும். அவ்வாறு தேறும் வைரமரம் புதிய தேரின் பாரமில்லாத உறுப்புக்களுக்கு உதவும். சிறு பொம்மைகள், சித்திரப் பலகை, தேரில் ஏறும் படி என்பன அதிற் செய்யலாம். திருமுறை வைத்து ஓதும் பீடமாகவும், பிரசாதம் வைக்கும் பலகையாகவும், அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் மேசையாகவும் அது தன் பணியைத் தொடரலாம். பழைய தேரின் ஒரு சிற்பமாவது புதிய தேரில் ஏறுமாயின், முன்பு அத்தேரை இழுத்தவர்கள் அதை அடையாளங் கண்டு கைகூப்புவர். எதற்கும் உதவாத மிகுதியைக் குருக்களின் ஆலோசனைப்படி வேள்வித் தீயிலோ ஆலய மடைப்பள்ளியிலோ சேர்ப்பிக்கலாம். விற்பனைக்கு அது கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது.

மூன்றாவது, எழுதி வைக்க வேண்டும். எந்த ஆண்டில் எந்த மரம், யாருடைய வளவிலிருந்து, எத்தனை அடியாக வந்தது, எந்த ஆசாரியார் எந்த உறுப்பைச் செய்தார் என்பன ஆலயப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இந்நாட்டில் மரம் ஏற்றிச் செல்வதற்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்தின் பிரதியைக் கோவையில் இட்டு வைத்தாலே பாதி வரலாறு காக்கப்பட்டுவிடும். கழற்றும்போது ஒவ்வோர் உறுப்பையும் படம் எடுத்து இலக்கமிட்டு வைப்பது இக்காலத்தில் கடினமான வேலை அன்று. பிரதம சிற்பாசாரியாரின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது, அது முறையே. அவருடன் நின்று வாள் இழுத்தவருடைய பெயர் ஒரு கொப்பியிலாவது இருப்பது தர்மம்.

ஏனெனில் பழைய தேரின் மரத்தோடு பலருடைய கொடையும் கலந்திருக்கிறது. புதிய தேருக்கு இலட்சக்கணக்கில் உபயம் செய்தவர்களின் பெயர்ப்பலகை தேர்முட்டியில் தொங்குகிறது. ஒரு தலைமுறைக்கு முன்னர் காசு கொடுக்க வழியில்லாத ஒரு மூதாட்டி, தன் வளவில் நின்ற ஒரேயொரு வேம்பைச் சுவாமிக்கென்று விட்டுக்கொடுத்திருக்கலாம். ஒரு கமக்காரன் மகளின் சீதன வீட்டுக்கு வைத்திருந்த இலுப்பையைக் கொடுத்திருக்கலாம். வண்டிக்காரர் ஒருவர் கூலி வாங்காமல் அந்தக் குற்றிகளை இழுத்து வந்திருக்கலாம். அவர்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை. அந்த மரமே அவர்களுடைய பெயர்ப்பலகை. அதை நிறுத்து விற்றால் அவர்களுடைய கொடையையும் சேர்த்து விற்றதாகிவிடும். இறைவன் பெரிய கொடையையும் சிறிய கொடையையும் ஒரே தட்டில் ஏற்றிச் செல்கிறான். ஊரவர் மட்டும் அவற்றைப் பிரித்து எண்ணலாகாது.

பழைய மரத்தின் அருமையை இந்நாட்டுத் தமிழ் மக்களுக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. இடம்பெயர்ந்த காலங்களில் எத்தனையோ குடும்பங்கள் கதவையும் யன்னலையும் கூரைத் தகட்டையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்றன. போன இடத்தில் நட்ட கொட்டிலுக்கு அந்தப் பழைய கதவே மானம் காத்தது. திரும்பி வந்தபோது சுவர்கள் இடிந்து கிடந்த வளவிலே, பாட்டன் காலத்து நிலை ஒன்று மிஞ்சி நின்றதைக் கண்டு அழுதவர்களும் உண்டு. புதிய வீடு கட்டிய பின்னும் அந்த நிலையைச் சுவாமி அறைக்கு வைத்தவர்கள் உண்டு. தன் வீட்டு மரத்துக்குக் காட்டிய அந்த அன்பைச் சுவாமி வீட்டு மரத்துக்கும் காட்டுவது பெரிய காரியம் அன்று.

தேர் மட்டுமா பழையதாகிறது? ஒருகாலத்தில் வடத்தின் முன்வரிசையில் நின்று அரோகரா என்று முழங்கியவர்கள் இன்று வீதியோரத்தில் கதிரையில் இருந்து தேரைப் பார்க்கிறார்கள். சறுக்குக்கட்டை போட்டவருக்கு இன்று குனிய முடிவதில்லை. மடைப்பள்ளியில் பெரிய கிடாரம் இறக்கிய கைகள் நடுங்குகின்றன. அவர்கள் மேல் பாரத்தை ஏற்றக் கூடாது. ஆனால் அவர்களை ஒதுக்கவும் கூடாது. எந்தச் சந்தியில் தேரை எப்படித் திருப்புவது, எந்த இடத்தில் வீதி தாழ்வு, மழை பெய்த ஆண்டில் என்ன செய்தார்கள் என்பவை அவர்களிடம்தான் உண்டு. புதிய தேரில் ஏறிய பழைய சாரதியைப் போல அவர்கள் இருக்க வேண்டும். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் இளைஞர் ஒவ்வொரு கிராமத்திலும் இருவர் மூவர் இருந்தால், அந்த ஆலயத்தின் தேர் ஒருநாளும் அச்சு முறிந்து நிற்காது.

உடம்பு தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள், ஆன்மா அத்தேரில் ஏறிச் செல்பவன் என்று கடோபநிடதம் கூறுகிறது. இந்தத் தேரும் ஒருநாள் பழையதாகும். இதன் மரமும் ஒருநாள் தீயைச் சேரும். அந்நாள் வரும்வரை இது யாரைச் சுமந்தது, யாருக்காக எரிந்தது என்பதே கணக்கில் எடுக்கப்படும். இறைவனைச் சுமந்த மரம் கடைசியில் அடியார்களின் பசி தீர்க்கும் அடுப்பிலும் புனிதமாக எரிவது போல, இறைபணியில் தேய்ந்த உடம்புக்கும் குறை ஒன்றும் இல்லை. தேர்த்திருவிழா நாளில் வடத்தைத் தொடும் ஒவ்வோர் அடியாரும் முதலில் மூத்தபிள்ளையாரை நினைக்கட்டும். அடுத்து, தமக்கு முன்னர் அந்த வடத்தைத் தொட்ட முன்னோரை நினைக்கட்டும். அதன்பின் இழுக்கட்டும். தேர் இலகுவாக நகரும். எல்லாம் வல்ல பெருமானின் திருவருள் அனைவருக்கும் துணைநிற்பதாக.